சாய்வு காணியில வீட்டுத் தோட்டம்: மொதல்ல கான் (தண்ணி போற வாய்க்கால்), அப்புறம் மண்ணு, கடைசியாதான் மரக்கறி

தம்பி கேட்டத சுருக்கமா சொல்லிட்டு பதிலுக்கு வாரேன். தலவாக்கலைக்கு மேல 20 பேர்ச் (கிட்டத்தட்ட 500 சதுர மீட்டர்) சாய்வு காணி, மேல் பக்கம் டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரம், கீழ ரோட்டு. கொழும்பு வேலைய விட்டுட்டு குடும்பத்தோட ஊருக்கு வந்துட்டார். வீட்டுச் சாப்பாட்டுல பாதியாவது காணியில இருந்து வரணும், கைச்செலவுக்கு கொஞ்சம் காசு வரணும், பசளை (உரம்) விலைய நம்பி வாழக் கூடாது. கேள்வி நாலு: வீடியோவுல காட்டுற மாதிரி சாய்வுக்கு குறுக்கா நீளமா குழி வெட்டி மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள இறக்கலாமா, முழுக்க லீக்ஸ் போட்டா என்ன, ஒரு பசு வாங்கலாமா, லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல, இருக்கிற அண்ணன் காம்பராவுக்குப் (அறைக்குப்) பின்னால உள்ள துண்டு நெலத்துல என்ன செய்யலாம்.

மொத கேள்விக்கு உடனே பதில் சொல்லிடுறேன், ஏன்னா அதுல உயிர் இருக்கு. அந்த குழிய வெட்டாதீங்க தம்பி. அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அவுஸ்திரேலியா, அமெரிக்காவுல மழை கொறஞ்ச பக்கங்கள்ல எடுத்தது, அங்க வருஷத்துக்கு விழுற மழையே கொஞ்சம், நெலமும் லேசான சரிவு, அதுனால ஒரு சொட்டு கூட வெளிய போகக் கூடாதுன்னு நினைக்கிறாங்க, அது அவங்களுக்கு சரி. நம்ம பக்கம் அப்படியா? நுவரெலியாவுல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 1900 மில்லிமீட்டர், வட்டவளைக்கு போனா 5000ஐ தாண்டும். நமக்கு தண்ணி இல்லாதது பிரச்சினை இல்ல, வார தண்ணி எல்லாம் சில நாளுக்குள்ள மொத்தமா வந்து கொட்டுறதுதான் பிரச்சினை. அந்த தண்ணிய செங்குத்தான சரிவுல குழி வெட்டி தேக்கி உள்ள இறக்குனீங்கன்னா மேல் மண்ணு ஊறி பாரமாகும், அடியில பாறையோட ஒட்டியிருக்கிற இடத்துல தண்ணி போயி நிக்கும், மண்ண மண்ணோட புடிச்சு வச்சிருக்கிற புடி தளரும், ஒரு ராத்திரி மொத்தமா வழுக்கிக்கிட்டு வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தயில லயங்கள் மண்ணுக்குள்ள போனத நம்ம ஆளுங்க யாரும் மறக்கல. சரிவுல தண்ணிய வச்சு விளையாடுற எந்த வேலையையும் அத மனசுல வச்சுக்கிட்டுதான் நான் பாக்குறேன்.

அதுனால நம்ம மலையில வேலையோட வரிசை வேற. தண்ணிய வேகம் கொறச்சு, மண்ண கழுவ விடாம, பாதுகாப்பான எடத்துக்கு கூட்டிட்டுப் போறதுதான் மொத வேல. அதுக்கப்புறம் மண்ணுக்கு சத்து. மரக்கறி கடைசி. பெரும்பாலான ஆளுங்க இத தலைகீழா செய்றாங்க, காணி கெடைச்ச வாரமே மம்பட்டிய எடுத்து கொத்தி கெரட் வெதைச்சுர்றாங்க, மே மாசம் மழை வந்ததும் கொத்தி விட்ட மண்ணு சேத்துத் தண்ணியா ரோட்டுக்கு போயிருது, அப்புறம் மூட்டை மூட்டையா பசளை போட்டு அந்த மண்ணுக்கு ஈடு கட்டப் பாக்குறாங்க.

நல்ல மழை பெய்யிற ஒரு நாள் கொடைய புடிச்சுக்கிட்டு காணிய சுத்தி நடங்க. மேல இருந்து தண்ணி எந்த வழியா உள்ள வருது, எங்க கூடுது, எங்க மண்ண அரிக்குது, எங்க கலங்கலா போகுது, எங்க தெளிவா போகுதுன்னு பாத்து ஒரு கொப்பியில கீறி வைங்க. அதோட சில அறிகுறிகளையும் பாருங்க: நெலத்துல நீளமா வெடிப்பு, மரம் சாஞ்சு நிக்கிறது, செவரு வெடிக்கிறது, கதவு ஜன்னல் திடீர்னு இறுகுறது, இல்லாத எடத்துல புதுசா ஊத்து கெளம்புறது, பீலியில (ஊத்துத் தண்ணி வந்து விழுற எடம்) தண்ணி காரணமில்லாம கலங்குறது இல்லேன்னா நிக்கிறது. இதுல ஒண்ணு இருந்தா கூட தோட்ட வேலைய அப்படியே வச்சிட்டு கிராம சேவகர் மூலமா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு சொல்லி எடத்த பாக்க வைங்க. மண்சரிவு எச்சரிக்கை குடுக்கிறது அவங்கதான். 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா விழிப்பு, 100 தாண்டினா எச்சரிக்கை, 150 தாண்டினா வெளியேறுங்கன்னுதான் அவங்களோட கணக்கு. நேரான பக்கம் உள்ள ஒரு போத்தல வெட்டி அளவு பாக்குற அடிமட்டத்த (ஸ்கேல) பக்கத்துல ஒட்டி முத்தத்துல வச்சா நீங்களே அளக்கலாம், புள்ளைங்ககிட்ட அந்த வேலைய குடுங்க, அதுங்க ஒரு நாளும் மறக்காதுங்க.

சரி, எடம் பாதுகாப்பா இருக்குன்னு வச்சுக்குவோம். இப்ப மட்டம் பாக்கணும். இதுக்கு மெசின் ஒண்ணும் வேண்டாம், மூணு கம்பும் ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். ஆள் உயரத்துக்கு சம நீளமா ரெண்டு நேரான கம்பு எடுத்து மேல சேத்து கட்டுங்க, கீழ ரெண்டு காலும் ஒரு ஆறு அடி விரிஞ்சு நிக்கட்டும், நடுவுல குறுக்கா மூணாவது கம்ப ஆணி அடிங்க. மேல முனையில இருந்து கயிறு கட்டி அதுல கல்லை தொங்க விடுங்க, கயிறு குறுக்குக் கம்ப தொட்டு தொட்டாத மாதிரி ஆடணும். இப்ப ரெண்டு கால் நிக்கிற எடத்துலயும் சின்ன முளை அடிச்சு, கயிறு குறுக்குக் கம்புல எங்க நிக்குதுன்னு ஒரு கோடு போடுங்க. அப்புறம் காலை மாத்தி வைங்க, வலது கால் இருந்த முளையில இடது கால், இடது கால் இருந்த முளையில வலது கால். திரும்ப ஒரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் சரி நடுவுலதான் மட்டம். அந்த நடுக்கோட்டுல கயிறு நிக்கிற மாதிரி கால் மாத்தி மாத்தி சாய்வுக்கு குறுக்கா நடந்து முளை அடிச்சுக்கிட்டே போனா காணியோட மட்டக்கோடு அப்படியே கண்ணுக்கு முன்னால எழும்பி வரும். காத்து அடிக்கிற நாள்ல இத செய்யாதீங்க, கல்லு ஆடிக்கிட்டே இருக்கும்.

கான் வெட்டுறத பத்தி நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்ல, உங்க வீட்டு பெரியவங்களே வெட்டியிருப்பாங்க, அவங்கள கேளுங்க. தேயிலை மலையில குறுக்குக் கான் சரி மட்டமா போகாது, சுமார் 120 அடிக்கு ஒரு அடி எறக்கம் இருக்கும், அதுனால தண்ணி நிக்காம ஆனா ஓடாம நடந்து போகும். கானுக்குள்ள எடைக்கெடை சின்னதா மண் தடுப்பு விட்டு வச்சிருப்பாங்க, அதுல தண்ணி தட்டி வண்டல் படியும், மிச்சம் தடுப்புக்கு மேல வழிஞ்சு அடுத்த குழிக்கு போகும். அந்த வண்டல்தான் உங்க காணியோட மேல் மண்ணு, மழை விட்டதும் அத அள்ளி மேல் பாத்திக்கே போடுங்க. கான் முடியிற எடம்தான் முக்கியம். பக்கத்து வீட்டு முத்தத்துலயும் இல்ல, மண் வெட்டி நிமித்தி வச்ச செங்குத்து விளிம்புலயும் இல்ல, கல்லு பதிச்ச ஒரு இறக்கக் கான் வழியா ரோட்டுக் கானுக்கோ இயற்கையான ஓடைக்கோ போயி சேரணும். வீட்டுக்கு நேர் மேல உள்ள கானுல மட்டும் தடுப்பு வேண்டாம், அங்க தண்ணி ஒரு நிமிஷமும் நிக்கக் கூடாது. கூரைத் தண்ணிய பீலி வச்சு தாங்கிக்கு எடுங்க. 500 சதுர அடி கூரையில 100 மில்லிமீட்டர் மழைக்கு சேதாரம் போக 3500 லீட்டருக்கு மேல கெடைக்கும், ஜனவரி, பெப்ரவரி வெயில் காய்ச்சல்ல பாத்திக்கு ஊத்த அது பெரிய ஒதவி, அதே நேரம் அவ்வளவு தண்ணி வீட்டு அத்திவாரத்துல விழாம இருக்கும்.

கானுக்கு கீழ்க்கரையில புல்லு. வெட்டிவேர் கெடைச்சா அதுதான் மொத தரம், வேர் பக்கவாட்டுல பரவாம நேரா கீழ எறங்கும், பயிரோட சண்டைக்கு வராது. நாலஞ்சு அங்குல எடைவெளியில நெருக்கமா வைங்க, ஐதா வச்சா மண்ணு நடுவுல பூந்து போயிரும். அது கெடைக்கலன்னா மானாப்புல்லு, நம்ம பக்கம் எல்லா எடத்துலயும் இருக்கு. பழைய தேயிலைய புடுங்கிட்டு புதுசா வைக்க முன்னால ஒண்ணரை ரெண்டு வருஷம் மானாவோ கௌதமாலாப் புல்லோ போட்டு மண்ண ஆற விடுறாங்கல்ல, தலவாக்கலை சென் கூம்ஸ்ல இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்ற மொற அது. களைச்சுப் போன மண்ணுக்கு புல்லு செய்ற வேலைய நம்ம தோட்டங்கள் பல வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கு, அத வீட்டுக் காணியில செய்ய நமக்கு மனசு வர்றதில்ல, எடம் வீணாப் போகுதேன்னு தோணுது. வீணாப் போகல தம்பி. அந்த புல்ல வெட்டி வெட்டி பாத்திக்கு மூடாக்கு போடுவீங்க.

புல்லுக்குப் பின்னால ஒரு வரிசை தழை மரம். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் எழுதுறத படிச்சிட்டு கிளிரிசிடியா தேடி அலையாதீங்க, அது கண்டி, மாத்தளை, பதுளை மாதிரி எறக்கமான சூட்டுக்கு நல்லா வரும், உங்க உயரத்துல குளிருக்கு சோம்பி நிக்கும். உங்களுக்கு முள்ளுமுருங்கை, கலியாந்திரா ரெண்டும் சரி. இது எல்லாத்தையும் விட நம்ம ரோட்டோரத்துல மஞ்சப் பூவோட காடு மாதிரி நிக்குதே காட்டு சூரியகாந்தி, அத யாரும் மதிக்கிறதில்ல, எனக்கு அத பாத்தா பசளை மூட்டை அடுக்கி வச்ச மாதிரிதான் தெரியும். அதோட எலையில காஞ்ச எடைக்கு சுமார் 3.5 வீதம் தழைச்சத்து, 4 வீதம் பொட்டாசியம் இருக்கு. பச்சையா 100 கிலோ வெட்டிப் போட்டா அரை கிலோவுக்கு மேல தழைச்சத்து மண்ணுக்கு போகும். பூக்க முன்னால வெட்டுங்க, அப்பதான் சத்து கூட, வெதை விழுந்து காணி முழுக்க பரவாமலும் இருக்கும். எலையும் இளந்தண்டும் மட்டும் எடுங்க, தடிச்ச தண்டு மண்ணுல பட்டா அங்கேயே வேர் புடிச்சுரும்.

பசளை விஷயத்துக்கு வருவோம். 2021 மே மாசம் ஒரேயடியா ரசாயனப் பசளை எறக்குமதிய நிப்பாட்டினப்ப என்ன நடந்துச்சுன்னு நீங்க கொழும்புல இருந்தாலும் கேள்விப்பட்டிருப்பீங்க. நவம்பர்ல தடைய எடுத்தாங்க, அதுக்குள்ள தேயிலையும் நெல்லும் அடி வாங்கிருச்சு, 2021ல 30 கோடி கிலோ அளவுல இருந்த நாட்டுத் தேயிலை 2022ல 25 கோடி கிலோ அளவுக்கு எறங்கிச்சு, கொழுந்து இல்லாம நம்ம பொம்பளைங்க பேரு (அன்னைக்கு நாள் சம்பளக் கணக்கு) விழாம திரும்பி வந்த நாள் எத்தனை. அதுக்கப்புறம் நம்ம பக்கம் சேதனம் (இயற்கை உரம்)னு வாயத் தொறந்தாலே ஆளுங்க கோவப்படுறாங்க, அது நியாயமான கோவம். ஆனா அங்க நடந்தது என்னன்னு கணக்கா பாக்கணும். 50 கிலோ யூரியா மூட்டையில 23 கிலோ தழைச்சத்து இருக்கு. நல்ல கொம்போஸ்ட்ல காஞ்ச எடைக்கு ஒண்ணு, ஒண்ணரை வீதம்தான். அப்ப ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடா ரெண்டு தொன் கொம்போஸ்ட் தேவ. ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு அத ஒரு போகத்துக்குள்ள யாரு செஞ்சு யாரு சுமந்து மலைக்கு ஏத்துறது?

அதே கணக்கை உங்க காணிக்கு போட்டுப் பாருங்க. 20 பேர்ச்ல வீடு, வாசல், பாதைக்கு ஒரு 6 போகும், மேல் சரிவு 4 பேர்ச்ல மரமும் புல்லும்தான் இருக்கணும், கோழி, கொம்போஸ்ட், வேலின்னு ஒரு 3. பாத்திக்கு மிஞ்சுறது 7 பேர்ச், அதாவது சுமார் 175 சதுர மீட்டர். ஒரு போகத்து மரக்கறிக்கு அந்த எடத்துக்கு தேவையான தழைச்சத்து ரெண்டு கிலோவுக்குள்ள. அதுக்கு 150, 200 கிலோ காஞ்ச கொம்போஸ்ட் போதும், வருஷத்துக்கு மூணு போகம்னாலும் ஒரு குடும்பம் செஞ்சு முடிக்கிற அளவுதான். நாட்டுக்கு முடியாம போனது உங்க வீட்டுக்கு முடியும், காரணம் அளவு சின்னதா இருக்கிறது மட்டும்தான். அதுலயும் உடனே நிப்பாட்டாதீங்க. முன்னால மரக்கறி போட்ட காணின்னா மண்ணு மூட்டைப் பசளைக்கு பழகியிருக்கும், மொத வருஷம் வழக்கமா போடுறதுல முக்கால்வாசி, ரெண்டாம் வருஷம் பாதி, பயிர் மொகத்த பாத்து கொறைச்சுக்கிட்டே வாங்க. மூணாம் வருஷம் மண்ண கையில எடுத்தா உதிரியா, மண்புழுவோட, மழை விழுந்த வாசம் வரும். அதுக்கப்புறம் மூட்டைப் பசளைய நீங்களே தேட மாட்டீங்க.

கொம்போஸ்ட் நம்ம குளிர்ல ஏன் பலபேருக்கு சரி வர்றதில்லன்னா குவியல் சின்னதா இருக்கு, மேல மழை விழுது. நீளம் அகலம் உயரம் மூணும் குறைஞ்சது மூணரை நாலு அடி இருந்தாத்தான் உள்ள சூடு நிக்கும். காஞ்ச மானாப்புல்லு ரெண்டு மூணு பங்குக்கு பச்ச சூரியகாந்தி, சமையல் கழிவு ஒரு பங்கு, எடைக்கெடை சாணி. துண்டு துண்டா வெட்டிப் போடுங்க, முழுசா போட்டா மாசக்கணக்குல கெடக்கும். நாலஞ்சு நாள்ல கையை உள்ள விட்டா வச்சிருக்க முடியாத சூடு இருக்கணும், அது இல்லேன்னா ஒண்ணு பச்சை பத்தல, இல்ல தண்ணி கூடிப்போச்சு. ஒரு புடி எடுத்து பிழிஞ்சா விரல் எடுக்குல நனையணும், சொட்டக் கூடாது. மேல பழைய கூரைத் தகரம் போட்டு மூடி, ரெண்டு கெழமைக்கு ஒருக்கா பொரட்டிப் போட்டா மூணு நாலு மாசத்துல ஆகிரும். லொறியில வார பச்ச கோழி எருவ அப்படியே பாத்தியில கொட்டுற பழக்கம் நம்ம பக்கம் நெறைய இருக்கு, அது வேரை சுடும், மழையில கழுவுப்பட்டு கீழ இருக்கிறவன் குடிக்கிற ஊத்துக்கு போகும். கோழி எருவும் குவியலுக்குள்ள வெந்துட்டுத்தான் பாத்திக்கு வரணும்.

நம்ம மண்ணு புளிப்பு மண்ணு, தேயிலைக்கு அது புடிக்கும், மரக்கறிக்கு புடிக்காது. தேயிலை இருந்த எடம்னா பி.எச் 5க்கு கீழயே இருக்கலாம், மரக்கறிக்கு 5.5ல இருந்து 6.5 வேணும். அது கீழ இருந்தா நீங்க போடுற எந்த சத்தையும் வேர் ஒழுங்கா எடுக்காது, காசு மண்ணுக்குள்ள பூட்டுப்பட்டு கெடக்கும். கோவா (முட்டைக்கோஸ்) செடி மதியத்துல வாடி சாயந்தரம் நிமிருதா, புடுங்கிப் பாத்தா வேரு வெரல் வெரலா வீங்கியிருக்கா, அது புளிப்பு மண்ணுல வார நோய், ஒருக்கா வந்தா வருஷக்கணக்கா மண்ணுல இருக்கும், அந்த பாத்தியில கோவா, நோகோல், ராபு (முள்ளங்கி) எதுவும் வைக்காதீங்க. கமநல சேவை நிலையத்துல விவசாய போதனாசிரியர புடிச்சு மண் பரிசோதனைக்கு வழி கேளுங்க, 1920ங்கிற விவசாய ஆலோசனை இலக்கத்துக்கு போன் அடிச்சாலும் சொல்லுவாங்க. பரிசோதனையில புளிப்புன்னு வந்தா டொலமைட், பொதுவா ஒரு பேர்ச்சுக்கு 5 கிலோ அளவுல, பயிர் வைக்க சில கெழமைக்கு முன்னாலயே மண்ணோட கலந்து விடணும். அடுப்புச் சாம்பலும் இதுக்கு ஒதவும், பொட்டாசியமும் கெடைக்கும். மிலாறு (கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சி) எரிச்ச சாம்பல குப்பையில கொட்டுற வீட்ட பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். சதுர மீட்டருக்கு ஒரு கைப்புடி போதும், உருளைக்கிழங்கு வைக்கிற எடத்துல மட்டும் வேண்டாம், கிழங்கு தோலு சொறி புடிக்கும்.

முழுக்க லீக்ஸ் போட்டா என்னன்னு கேட்டீங்க. வெல இருக்கிற வருஷம் பணம் பாக்கலாம், உண்மை. ஆனா அந்த வெலைய நுவரெலியா, தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்துல வேற யாரோ முடிவு பண்றாங்க, நீங்க இல்ல, எல்லாரும் ஒரே நேரத்துல அறுக்கிற மாசத்துல கூலிக்கும் லொறிக்கும் கூட கட்டாது. இந்த மலை முழுக்க ஒரு காலத்துல கோப்பிதான். 1869ல எலையில துரு மாதிரி நோய் வந்துச்சு, இருபது வருஷத்துக்குள்ள அத்தனையும் போச்சு, அதுக்கப்புறம்தான் நம்ம காணுற தேயிலை மலை. ஒரே பயிரை நம்பி நிக்கிறதோட வெல இதுதான்னு இந்த மண்ணே பாத்திருக்கு. லீக்ஸ் ரெண்டு பாத்தி போடுங்க, அடமழையிலயும் தாக்குப்புடிக்கும், வித்தது போக வீட்டுக்கும் ஆகும்.

மிச்சத்துக்கு வீட்டுல நெசமா என்ன சாப்பிடுறீங்கன்னு பாத்து வைங்க. கொடி போஞ்சி (பீன்ஸ்) கட்டாயம், கெப்பெட்டிபொல நில் மாதிரி இனம்னா வெதைய நீங்களே எடுத்து வைக்கலாம், கடைசி காய்கள கொடியிலயே காய விட்டு, சாம்பல்ல பொரட்டி, போத்தல்ல அடைச்சு வச்சா அடுத்த போகத்துக்கு கடைக்கு போக வேண்டியதில்ல. கலப்பின வெதையில அது நடக்காது, கெரட்டுலயும் நம்ம குளிருக்கு வெதை எடுக்கிறது கஷ்டம், அத வாங்கத்தான் வேணும். போஞ்சி முடிஞ்சதும் செடிய வேரோட புடுங்காதீங்க, அடியில வெட்டி வேரை மண்ணுலயே விடுங்க. உருளைக்கிழங்கு சமையலுக்கு வாங்கினத நடாதீங்க, நூற்புழுவையும் வாடல் நோயையும் கையோட கூட்டிட்டு வந்த மாதிரி ஆகும், சான்று குடுத்த வெதைக்கிழங்குதான், அதுவும் அதே பாத்தியில அடுத்த மூணு போகத்துக்கு திரும்ப வேண்டாம். கெரட் வெதை மொளைக்க பத்துப் பதினாலு நாள் ஆகும், அதுவரைக்கும் மூடாக்கு போட முடியாது, அதுனால ஜூன், ஜூலை கொட்டுற மழையில வெதைச்சு மண்ண தொறந்து விடாதீங்க. அந்த மாசங்கள்ல பாத்தியில லீக்ஸ், பீட்ரூட், கீரை, வத்தாளைக் (சக்கரவள்ளிக்) கொடின்னு மண்ண மூடிக்கிட்டு ஏதாவது நிக்கட்டும். ஈரமான எடத்துல வல்லாரை, பொன்னாங்காணி, சமையலறைத் தண்ணி போற எடத்துல சேம்பு.

மேல் சரிவுல மரம். பட்டர் புரூட் (அவகாடோ) ஒண்ணு ரெண்டு, பேரி, கொய்யா, அதுக்கு கீழ கோப்பி அஞ்சாறு, மரத்தக்காளி, வேலியில பேஷன் புரூட். கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்கள பாத்திருப்பீங்க, பலா, கமுகு, கராம்பு, சாதிக்காய், மிளகு, கோப்பின்னு அடுக்கடுக்கா நிக்கும், அந்த ஒழுங்கதான் நம்ம எடுக்கணும், அதே மரங்கள இல்ல, மிளகும் கராம்பும் உங்க குளிருக்கு வராது. டர்பன்டைன் மரம் தண்ணிய நெறைய குடிக்குது, நெழல்ல ஒண்ணும் வளர விடாதுன்னு எல்லாத்தையும் ஒரேயடியா வெட்டிறாதீங்க. அந்த வேர் செத்து உக்க ஆரம்பிச்ச சில வருஷத்துலதான் சரிவு பலவீனமாகும். புது மரம் வேர் புடிக்க புடிக்க, வருஷத்துக்கு கொஞ்சமா எடுங்க. மரம் அடுத்தவங்க காணியில நின்னா மொதல்ல அவங்ககிட்ட பேசணும், சொந்தக் காணின்னாலும் அனுமதி தேவையான்னு பிரதேச செயலகத்துல கேட்டுக்குங்க.

காட்டுப்பன்னி கட்டாயம் வரும், கிழங்கு இருந்தா மோப்பம் புடிச்சு வரும். பழைய தகரத்த மண்ணுக்குள்ள அரை அடி பொதைச்சு மூணு அடி உயரத்துக்கு வேலி கட்டுங்க. கம்பித் தடம் (சுருக்குக் கண்ணி) மட்டும் வைக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். பன்னிக்குன்னு வச்ச தடத்துல நம்ம மலையில சிறுத்தைங்க மாட்டி சாகுதுங்க. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை தடத்துல மாட்டி, உயிரோட மீட்டும் சில நாள்ல செத்துப் போச்சு. அந்த மாதிரி ஒரு உசுரு நம்ம மலையில இருந்துச்சுங்கிறதே அன்னைக்குத்தான் பலபேருக்குத் தெரியும். சட்டப்படியும் அது பெரிய குத்தம்.

பசு. ஒரு 350 கிலோ பசுவுக்கு ஒரு நாளைக்கு 35 கிலோ பச்சைப் புல்லு வேணும், 20 பேர்ச்ல அது எங்க இருந்து வரும்? தோட்டத்து ஆளுங்க மாடு வளர்க்கிறாங்கன்னா மலை ஓரம், ஓடை ஓரம் புல்லு அறுத்து தலையில சுமந்துக்கிட்டு வாராங்க, அந்த ஒழைப்பு பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்க தலையிலதான் விழுது, அதுவும் கொழுந்து எடுத்துட்டு வந்த பொறகு. வீட்டுல அத பேசி, யார் புல்லு அறுக்கிறதுன்னு முடிவு பண்ணாம மாடு வாங்காதீங்க. இப்போதைக்கு சாணிய பக்கத்து மாட்டுப்பட்டியில காசுக்கோ மரக்கறிக்கோ வாங்குங்க, நீங்க பத்துப் பன்னிரண்டு கோழி வைங்க. ஒரு கோழிக்கு நாளைக்கு 120 கிராம் தீனி, அதுல ஒரு பங்க கீரையும் சமையல் மிச்சமும் பாத்துக்கும். கூட்டுத் தரையில மரத்தூள் ஒரு சாண் ஒசரத்துக்கு போட்டு வச்சா எச்சம் அதுலயே மக்கும், நாலஞ்சு மாசத்துக்கு ஒருக்கா அள்ளி கொம்போஸ்ட் குவியலுக்கு. ராத்திரி கூடு நல்லா அடைஞ்சிருக்கணும், கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் ஒரு ஓட்டை போதும். முட்டைக்கு லயத்துலயே ஆள் இருக்கு, வேற சந்தை தேட வேண்டியதில்ல. அதோட கோவா, லீக்ஸ், தக்காளி நாத்து போட்டு சின்னதா ஒரு தவறணை (நாத்து மேடை) வச்சா நல்ல காசு, எடமும் கொஞ்சம்தான் தேவ.

அண்ணனோட காம்பரா பின்னால உள்ள துண்டு தோட்டத்து நெலம், அவர் பேருல ஒரு கடுதாசியும் இல்ல. நம்ம சனம் ரெண்டு நூறு வருஷமா இந்த மண்ண திருத்திக் குடுத்தும் ஒரு மரம் வைக்க யோசிக்க வேண்டியிருக்குங்கிறது எனக்கு ஆறாத ஒரு வலி. ஏழு பேர்ச் காணிக்கு உறுதி (பத்திரம்) கெடைச்ச குடும்பங்கள் முத்தத்துல மொத வேலையா மரம் வைக்கிறத பாத்திருக்கேன். ஆனா அண்ணன் இப்ப இருக்கிற நெலையில வருஷக்கணக்கா காத்திருக்க வேண்டிய எதையும் அங்க வைக்க வேண்டாம். பசளை வந்த பழைய உரப்பையில மண்ணும் கொம்போஸ்டும் நெரப்பி உருளைக்கிழங்கு, கறிமிளகாய், பீட்ரூட், தூக்கி மாத்துற மாதிரி ஒரு கோழிக்கூடு, சீக்கிரம் எடுக்கிற கீரை. எடம் மாறினா மண்ணையும் பையோட தூக்கிட்டு போகலாம். துரைகிட்ட (தோட்ட மேனேஜர்கிட்ட) பேசி எழுத்துல ஒரு அனுமதி வாங்க முடிஞ்சா வாங்கி வைங்க, வாய்ப்பேச்சு அடுத்த துரை வந்ததும் செல்லாது.

நேரம் பத்தி ஒண்ணு. உங்க பக்கம் பெரிய மழை மே மாசம் தொடங்கும். ஜனவரி, பெப்ரவரி காய்ச்சல்ல மட்டம் பாத்து கான் வெட்டுங்க, மார்ச் ஏப்ரல்ல பின்னேரம் பின்னேரம் இடியோட மழை வரும் பாருங்க, அந்த ஈரத்துல வெட்டிவேரும் மானாவும் வச்சிட்டா மே மழைக்குள்ள வேர் புடிச்சுரும். கொம்போஸ்ட் குவியல் இன்னைக்கே தொடங்கலாம். கோழிக்கூடும் நாத்தும் கான் வேல முடிஞ்ச பொறகு பாத்துக்கலாம்.